யாழ்ப்பாணக் கடலின் கடந்தகாலத்தை மீட்டெடுப்பது எப்படி? கடல் மீள்பகுப்பாய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1998 மே மாதம் பருத்தித்துறைக்கு வெளியே கடல் எத்தனை பாகை சூடாக இருந்தது? அந்த ஆண்டு நீரோட்டம் எப்போது திரும்பியது? இப்படியான கேள்விகளுக்கு யாழ்ப்பாணத்தில் எழுதிவைத்த விடை கிடைப்பது அரிது. போர்க்காலத்தில் மீன்பிடிக்கே தடை இருந்தது. காங்கேசன்துறைப் பக்கம் உயர்பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. வள்ளமே இறங்க முடியாத கடலில் வெப்பமானியை யார் இறக்குவது? மற்றக் கடல்களில் கப்பல்களும் ஆய்வு நிலையங்களும் எண்களைச் சேர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் எங்கள் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக வெறுமைதான்.

அந்த வெறுமையை ஓரளவு நிரப்ப உதவுவது கடல் மீள்பகுப்பாய்வு. கணினி மாதிரி ஒன்றை ஓடவிட்டு, கிடைத்த அளவீடுகளால் அதைத் திருத்திக்கொண்டே போய், கடலின் கடந்தகால வெப்பநிலை, உப்பு, நீரோட்டம், கடல்மட்டம் ஆகியவற்றை நாள்வாரியாக மீட்டெடுப்பதுதான் இந்த முறை. இப்படி உருவாக்கிய தொகுப்புகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினியும் சுமாரான இணைய இணைப்பும் போதும். பல்கலைக்கழக மாணவர், கடலட்டைப் பண்ணை நடத்துபவர், கடற்றொழிலாளர் சங்கங்களோடு வேலை செய்பவர், உயர்தர வகுப்பு ஆசிரியர் என்று யாரும் பயன்படுத்தலாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். பருத்தித்துறைக்குக் கிழக்கே ஆழ்கடலில் இந்த எண்களுக்குக் கீழே நல்ல அளவீடுகள் இருக்கின்றன. பாக்கு நீரிணைக்குள் நுழைந்ததும் அவை சட்டென்று குறைந்துவிடும். ஆனால் கோப்பில் பார்க்கும்போது இரண்டு இடத்து எண்களும் ஒரே மாதிரி, இரண்டு தசமதானத்தோடு, நம்பிக்கையாக நிற்கும். எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பிரித்தறிவதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

மூன்று பொருட்கள் சேர்கின்றன. முதலாவது மாதிரி. கடலைக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரித்து, நீரின் இயக்கம், வெப்பம், உப்பு ஆகியவற்றின் சமன்பாடுகளைப் பூமியின் சுழற்சியையும் கணக்கில் எடுத்துச் சில நிமிட இடைவெளியில் தீர்த்துக்கொண்டே போகும் நிரல் அது. ஐரோப்பாவில் உருவான நீமோ இந்த வகையில் அதிகம் பயன்படும் ஒன்று. இரண்டாவது, மேலிருந்து கடலை இயக்கும் காற்று, வெயில், மழை, ஆவியாதல். இவை வளிமண்டல மீள்பகுப்பாய்வுகளிலிருந்து வருகின்றன. இன்று பரவலாகப் பயன்படுவது ஈ.ஆர்.ஏ.5. மூன்றாவது அவதானிப்புகள்: செய்மதி தரும் மேற்பரப்பு வெப்பநிலை, செய்மதி உயரமானி (ராடாரால் கடல் மேற்பரப்பின் உயரத்தை அளக்கும் கருவி) தரும் கடல்மட்டம், தானாக மூழ்கி மேலெழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகளும் கப்பல்களும் நங்கூர மிதவைகளும் தரும் ஆழவாரியான வெப்பநிலை, உப்பு.

மாதிரியும் அளவீடும் முரண்படும்போது என்ன செய்வது? சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் மாதிரி 29.0 பாகை என்கிறது, மிதவை 28.0 என்கிறது. மாதிரியின் வழக்கமான பிழை 0.8 பாகை. மிதவையின் பிழை 0.4 பாகை என்று வைப்போம். (கருவி இதைவிட மிகத் துல்லியமானதுதான். ஆனால் ஒரு புள்ளியில் எடுத்த அளவு பல கிலோமீற்றர் அகலமான கட்டம் முழுவதற்கும் சரியாகப் பொருந்தாது. அந்தப் பிழையும் இதில் அடக்கம்.) வர்க்கப்படுத்தினால் 0.64, 0.16. திருத்தத்தின் பங்கு 0.64 ÷ (0.64 + 0.16) = 0.8. மாதிரி 0.8 பாகை கீழே இழுக்கப்பட்டு 28.2 என்று நிற்கும். அளவீட்டின் பிழை கூடினால் மாதிரியின் சொல் ஓங்கும். அளவீடே இல்லாவிட்டால் மாதிரி சொல்வதே முடிவு.

திருத்தம் அந்த ஒரு கட்டத்தோடு நிற்பதில்லை. எந்த இடங்கள் சேர்ந்து சூடாகின்றன, சேர்ந்து குளிர்கின்றன என்ற உறவுகளை வைத்து, பக்கத்துக் கட்டங்களுக்கும் ஆழமான அடுக்குகளுக்கும் பரப்பப்படுகிறது. ஆழ்கடலில் கடல்மட்டம் சற்று உயர்ந்திருந்தால், பெரும்பாலும் கீழே சூடான நீரின் தடிப்பு கூடியிருக்கிறது என்று பொருள். ஆகவே செய்மதி மேலிருந்து பார்க்கும் சில சென்ரிமீற்றர் மேடு பள்ளம், நூறு மீற்றர் ஆழத்து வெப்பநிலையைத் திருத்த உதவுகிறது. இந்த உறவு ஆழ்கடலுக்குப் பொருந்தும். 10 மீற்றர் ஆழக் கடலுக்குப் பொருந்தாது.

முதற்படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"யாழ்ப்பாணக் கடல் சூடாகிறதா?" என்று தொடங்கினால் மாதக்கணக்கில் அலையவேண்டியிருக்கும். இடம், ஆழம், காலம், அளவு நான்கும் கேள்விக்குள் வரவேண்டும். "பாக்குக் குடாவில் ஏப்ரல், மே மாத மேற்பரப்பு வெப்பநிலை 1993 முதல் எப்படி மாறியது?" என்பது கேள்வி. "பருத்தித்துறைக்குக் கிழக்கே ஆழ்கடலில் ஐப்பசி முதல் மார்கழி வரை மேல் 50 மீற்றரில் உப்பு எப்போது குறையத் தொடங்குகிறது?" என்பதும் கேள்வி.

முதற்கேள்விக்கு இங்கே காரணம் இருக்கிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பாக்குக் குடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் வெளிறின. அந்த மாதங்களில் வாடையும் (வடகிழக்குக் காற்று) ஓய்ந்து சோழகமும் (தென்மேற்குக் காற்று) தொடங்காமல் கடல் கண்ணாடி போல் கிடக்கும். காற்றுக் கலக்காத ஆழமற்ற நீர் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

இரண்டாம் படி: எந்தத் தொகுப்பை எடுப்பது

எங்கள் தேவைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் கடல் சேவை வழங்கும் குளோரிஸ்12. கட்டம் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒன்று. எங்கள் அகலக்கோட்டில் சுமார் 9 கிலோமீற்றர். ஆழத்தில் 50 அடுக்குகள். 1993 முதல் நாளாந்த சராசரி கிடைக்கிறது. இலவசப் பதிவு மட்டும் செய்யவேண்டும்.

ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஓராஸ்5 கால் பாகைக் கட்டம், அதாவது சுமார் 27 கிலோமீற்றர். கட்டம் பெரியதானாலும் அதற்கு இரண்டு நன்மைகள் உண்டு: 1958 வரை பின்னே போகிறது; சிறு வேறுபாடுகளோடு ஐந்து முறை ஓட்டப்பட்டிருப்பதால் ஐந்துக்கும் இடையிலான விலகலைப் பார்த்து நம்பகத்தன்மையை ஊகிக்கலாம். அமெரிக்காவின் ஹைக்கொம் மீள்பகுப்பாய்வும் பன்னிரண்டில் ஒன்று கட்டம் கொண்டது; 1994 முதல் 2015 வரை இருக்கிறது. எக்கோ என்பது வேறு வழியில் போவது. இடையிடையே மாதிரியைப் பிடித்து இழுக்காமல், தொடக்க நிலையையும் காற்று போன்ற இயக்கிகளையும் திருத்தி, முழுக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே ஓட்டத்தைத் தேடுகிறது. வெப்பம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்று வரவு செலவுக் கணக்குப் பார்க்கவேண்டுமானால் அதை எடுங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கொஞ்ச வெப்பம் இயற்பியல் காரணமின்றிச் சேரும் அல்லது கழியும்.

கட்ட அளவு என்பது வெறும் தொழில்நுட்ப விபரம் என்று கடந்துவிடாதீர்கள். காங்கேசன்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீற்றர். குளோரிஸ்12இல் அந்த நீரிணை ஆறு கட்டம். ஓராஸ்5இல் இரண்டே கட்டம். இரண்டு கட்டத்துக்குள் நீரோட்டம் எப்படி வளைகிறது என்று கேட்பதில் பயனில்லை. யாழ்ப்பாணக் கடனீரேரியோ எந்த உலகளாவிய தொகுப்பிலும் உருப்படியாக இல்லை. குருநகரும் மண்டைதீவும் ஒரே கட்டத்துக்குள் விழும், அல்லது நிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி: உங்கள் இடத்தில் எத்தனை அளவீடு இருக்கிறது என்று பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஆர்கோ மிதவை பொதுவாக 1000 மீற்றர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒரு முறை 2000 மீற்றருக்கு இறங்கி, அங்கிருந்து அளந்துகொண்டே மேலே வந்து, செய்மதிக்குத் தரவை அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கும். பாக்கு நீரிணையும் பாக்குக் குடாவும் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம். அந்த மிதவைக்கு அங்கே வேலை செய்ய இடமில்லை. ஆகவே எங்கள் ஆழமற்ற கடலின் அடிநீர் வெப்பநிலையும் உப்பும் ஆர்கோவால் திருத்தப்பட்டவை என்று நினைக்காதீர்கள்.

செய்மதி உயரமானி? டோபெக்ஸ் பொசைடன் 1992 ஓகஸ்டில் ஏவப்பட்டது. பெரும்பாலான நவீன மீள்பகுப்பாய்வுகள் 1993இல் தொடங்குவதற்கு அதுதான் காரணம். அதன் பாதையில் பின்னர் வந்த ஜேசன் செய்மதிகளும் பத்து நாளுக்கு ஒரு முறை அதே கோட்டில் திரும்ப வருகின்றன. ஆனால் புவிமத்திய கோட்டருகே இரண்டு கோடுகளுக்கு இடைவெளி சுமார் 315 கிலோமீற்றர். அதோடு நிலத்துக்கு அருகே வரும்போது ராடார் எதிரொலியில் கரையும் கலந்துவிடும். மூன்று பக்கமும் நிலமும் தீவுகளும் சூழ்ந்த பாக்குக் குடாவில் சுத்தமாகத் தேறும் அளவு கொஞ்சம்தான்.

மேற்பரப்பு வெப்பநிலை ஒன்றுதான் ஓரளவு கைகொடுக்கிறது. அகச்சிவப்புச் செய்மதிகள் 1981 முதல் தொடர்ச்சியாகப் பார்த்துவருகின்றன. முகில் மூடினால் அவற்றுக்குக் கண் தெரியாது. எங்கள் கார்த்திகை, மார்கழி வானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகிலை ஊடுருவும் நுண்ணலைக் கருவிகள் கரையை ஒட்டிய பகுதியில் அளக்க முடியாதவை. ஆகவே மாரியில் எங்கள் கரையோர வெப்பநிலை பல நாட்கள் தூரத்து அளவுகளிலிருந்து இட்டு நிரப்பப்பட்டதாகவே இருக்கும். பங்குனி முதல் வைகாசி வரையான தெளிந்த வானத்தில் நிலைமை நல்லது. வெப்ப அலை, பவளம் வெளிறல் பற்றிய கேள்விகளுக்கு இது சாதகம்.

இன்னும் இரண்டு குறை. குளோரிஸ்12 உட்படப் பல உலகளாவிய மீள்பகுப்பாய்வுகளில் வற்றுப்பெருக்கு இல்லை. எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் 1 மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் தீவுகளுக்கு இடையிலான ஒடுங்கிய வழிகளில் நீரை இழுப்பதும் தள்ளுவதும் அதுதான். சிறகுவலை போடுபவர் பார்க்கும் ஓட்டம் வேறு, மீள்பகுப்பாய்வின் நாளாந்த சராசரி ஓட்டம் வேறு. அடுத்தது ஆற்றுநீர். பல தொகுப்புகள் பெரிய ஆறுகளின் நீண்டகால மாதச் சராசரியைத்தான் கடலுக்குள் ஊற்றுகின்றன. 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய வெள்ளம் கடனீரேரிகள் வழியாகக் கடலுக்குள் வந்ததை அவற்றில் தேடிப் பயனில்லை.

இவ்வளவும் பாக்கு நீரிணைக்கு. இனிக் கிழக்கே போவோம். பருத்தித்துறையிலிருந்து கிழக்காகப் போனால் கண்டமேடை முடிந்து அடி திடீரென்று ஆயிரக்கணக்கான மீற்றருக்கு இறங்குகிறது. அங்கே ஆர்கோ மிதவைகள் வருகின்றன, உயரமானி சுத்தமாக வேலை செய்கிறது. ஆண்டு முடிவில் இந்தியக் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே வரும் நீரோட்டம், அது சுமந்துவரும் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர், ஆண்டின் முற்பகுதியில் அதே ஓட்டம் வடக்கே திரும்புவது, சோழக காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே குளிர்ந்த நீர் மேலெழுந்து சுழலும் பெருஞ்சுழி, எல்லாவற்றையும் அங்கே தாராளமாகப் படிக்கலாம். பாக்கு நீரிணைக்குள் வரும் நீரும் வாடையில் பெரும்பாலும் வங்காள விரிகுடாவிலிருந்து வருவதுதான். ஆகவே உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ள, முதலில் வாசலில் நிற்கும் நீரைப் பாருங்கள்.

நான்காம் படி: தரவை இறக்குவது

முழு உலகத்தையும் இறக்கவேண்டாம். நெடுங்கோடு 78.5 முதல் 83.0 கிழக்கு, அகலக்கோடு 8.0 முதல் 11.5 வடக்கு என்று ஒரு பெட்டி வெட்டினால் பாக்குக் குடா, மன்னார் வளைகுடாவின் வடபகுதி, கிழக்கு ஆழ்கடல் மூன்றும் அடங்கும். இது குளோரிஸ்12இல் 54 × 42, அதாவது 2268 கட்டம். 50 அடுக்கு, 365 நாள், ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் வெப்பநிலைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 165 மெகாபைட். மேற்பரப்பு அடுக்கு மட்டும் போதுமானால் ஆண்டுக்கு 3 மெகாபைட் சொச்சம்; முப்பது ஆண்டும் 100 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். கைப்பேசி டேற்றாவில் இறக்குபவர்கள் முதலில் மேற்பரப்பை மட்டும் எடுங்கள்.

கோப்பர்னிக்கஸ் தளத்திலேயே வரைபடத்தில் பெட்டி வரைந்து, ஆழமும் காலமும் தெரிந்து இறக்கலாம். திரும்பத் திரும்பச் செய்வதானால் அவர்களுடைய பைதன் கருவியை நிறுவிக்கொள்வது நல்லது. இணைப்பு அறுந்தால் மறுபடியும் தொடங்கவேண்டியிராமல் ஆண்டு ஆண்டாகப் பிரித்து இறக்குங்கள்.

ஐந்தாம் படி: கோப்பைத் திறந்ததும்

கோப்பு நெட்சிடிஎஃப் வடிவில் வரும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு நாசாவின் பனோப்லி என்ற இலவச மென்பொருள் போதும். பைதன் தெரிந்தவர்கள் எக்ஸ்-அரே நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

வரைபடம் கீற முன்னர் நான்கு விடயம் பாருங்கள். நிலம் எங்கே என்று மாதிரி நினைக்கிறது: தீவகத்தில் எந்தத் தீவு நிலமாக இருக்கிறது, எது கடலாகிவிட்டது? அலகு: மாதிரி வெப்பநிலை செல்சியஸில், சில செய்மதித் தொகுப்புகள் கெல்வினில். ஆழம்: குளோரிஸ்12இன் மேல் அடுக்குகள் 0.49, 1.54, 2.65, 3.82, 5.08 மீற்றர் என்று போகும். பாக்குக் குடாவில் பத்து அடுக்குக்குள் தரை தட்டிவிடும். நான்காவது நேரம். நாளாந்த சராசரி என்பது கிறீன்விச் நாளின் சராசரி. எங்கள் நேரப்படி காலை 5.30 முதல் மறுநாள் காலை 5.30 வரை.

நேரம் பற்றி இன்னொன்று. பழைய கையெழுத்துக் குறிப்புகளை ஒப்பிடும்போது, இலங்கை நேரம் 1996 முதல் 2006 ஏப்ரல் வரை முன்னே தள்ளப்பட்டிருந்ததை நினைவில் வையுங்கள். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பின்பற்றப்படவில்லை. வெப்பநிலைக்கு இது பெரிய விடயமில்லை. வற்றுப்பெருக்குக் குறிப்புகளில் அரை மணி, ஒரு மணி பிசகினால் கணக்கே மாறிவிடும்.

ஆறாம் படி: வழமையும் விலகலும்

மே மாதத்தில் கடல் சூடாக இருப்பது செய்தியல்ல. வழமையான மே மாதத்தைவிட எவ்வளவு கூட என்பதே செய்தி. ஆகவே முதலில் ஒவ்வொரு மாதத்துக்கும் நீண்டகால சராசரி எடுங்கள். முடிந்தால் முப்பது ஆண்டு. பிறகு ஒவ்வொரு மாதத்து எண்ணிலிருந்தும் அந்த மாதத்துச் சராசரியைக் கழியுங்கள். மிஞ்சுவது விலகல்.

கடல் வெப்ப அலைகளைத் தேடுகிறீர்கள் என்றால் நாளாந்தத் தரவு வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட வரையறை 2016இல் வந்தது: அந்த நாட்காட்டி நாளுக்குரிய 90ஆவது சதமானத்தை (நூற்றில் தொண்ணூறு அளவுகள் அதற்குக் கீழே இருக்கும் எல்லை) கடந்த வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாளாவது நீடிக்கவேண்டும். சதமானத்தைக் கணக்கிட, அந்த நாளை நடுவில் வைத்து 11 நாள் சாளரம் எடுப்பார்கள்.

நீண்டகாலப் போக்கு வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்கோ 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, 2007 நவம்பரில் உலகெங்கும் 3000 மிதவை என்ற இலக்கை எட்டியது. அந்த இடைக்காலத்தில் ஆழ்கடலின் உப்பிலோ வெப்பத்திலோ திடீர்த் தாவல் தெரிந்தால், கடல் மாறியதா, அளக்கும் கண்கள் கூடியதா என்று முதலில் கேளுங்கள். தொகுப்பின் அண்மைக்காலப் பகுதி தற்காலிகத் தொடர்ச்சியாக வெளியிடப்பட்டிருந்தால் அந்த மூட்டு வாயையும் இதே கண்ணோடு பாருங்கள்.

புயல்களுக்கு விலகல் மட்டும் போதாது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா போன்ற புயல், ஆழ்கடலில் கீழேயுள்ள குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவரும். புயல் போன தடத்தில் மேற்பரப்பு குளிரும். புயலுக்கு முந்திய வாரம், அந்த நாள், பிந்திய வாரம் என்று வரைந்து பாருங்கள். பாக்குக் குடாவில் அதே மாதிரித் தடத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே கலக்குவதற்குக் கீழே குளிர்ந்த நீரே இல்லை. மற்றொன்று, ஈ.ஆர்.ஏ.5இன் கட்டம் சுமார் 31 கிலோமீற்றர். அதில் புயலின் உள்வட்டக் காற்று உண்மையைவிட மெலிந்தே இருக்கும். ஆகவே கடலில் தெரியும் விளைவும் மெலிந்திருக்கலாம்.

ஏழாம் படி: கரையில் அளந்து ஒப்பிடுங்கள்

என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் யாழ்ப்பாணத்தவர் மட்டுமே செய்யக்கூடிய படி இதுதான். மற்றப் படிகளை உலகில் எங்கிருந்தும் செய்யலாம்.

பாசையூர் இறங்குதுறையிலோ அட்டைப் பண்ணையின் வேலிக் கம்பிலோ தானாகப் பதியும் வெப்பமானி ஒன்றைக் கட்டலாம். கட்டும் உயரம் முக்கியம். நன்றாக வற்றிய நாளிலும் நீருக்குள் அரை மீற்றராவது மூழ்கியிருக்கவேண்டும். வெயில் நேரே படாமல், இரண்டு பக்கமும் திறந்த வெள்ளை பிவிசி குழாய்த் துண்டுக்குள் வைத்து, குழாயில் நான்கைந்து துளை போடுங்கள். நீர் தாராளமாக ஓடவேண்டும். இறக்க முன்னர் உடைத்த பனிக்கட்டியும் நல்ல தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் அரை மணி வைத்து, பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். 0.3 காட்டினால் அதைக் குறித்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளலாம். எங்கள் நீரில் பாசியும் சிப்பியும் சீக்கிரம் ஏறும். இரண்டு கிழமைக்கு ஒரு முறையாவது எடுத்து மெல்லிய தூரிகையால் தேய்த்துவிடுங்கள். எடுத்த நேரத்தையும் திரும்ப இறக்கிய நேரத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் காற்றின் வெப்பநிலையும் கடல் வெப்பநிலையாகப் பதிந்திருக்கும்.

கருவி வாங்க வசதியில்லாதவர்கள் கையால் அளக்கலாம். ஆனால் எந்த நாளும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும். முழங்கால் ஆழ நீர் விடியலுக்கும் பின்னேரத்துக்கும் இடையே பல பாகை ஏறி இறங்கும். பின்னேரம் இரண்டு மணிக்கு அளந்த எண்ணை நாளாந்த சராசரியோடு ஒப்பிட்டால், மீள்பகுப்பாய்வு எப்போதும் குளிர்ந்தே தெரியும், குற்றம் அதனுடையதல்ல.

உப்புக்கு அட்டைப் பண்ணைகளில் பாவிக்கும் ஒளிமுறிவுமானியே போதும். காய்ச்சி வடித்த நீரில் பூச்சியம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மழைக்குப் பிறகு மேலே நல்ல தண்ணீர் படலமாக நிற்கும்; மேலேயும் அடியிலும் தனித்தனியே எடுங்கள். மாரியில் அட்டை சாவதற்கு உப்புச் சரிவு ஒரு முக்கிய காரணம் என்பதால் இந்த எண் பண்ணைக்கும் உடனே பயன்படும்.

ஒப்பிடும்போது மூன்று எண்கள் எடுங்கள். மாதிரியிலிருந்து அளவீட்டைக் கழித்து வரும் சராசரி வித்தியாசம். அந்த வித்தியாசங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம். இரண்டும் எவ்வளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் இணைபு. இணைபை எப்போதும் விலகல்களுக்கு இடையே கணக்கிடுங்கள். பருவச் சுழற்சியை நீக்காமல் கணக்கிட்டால், கோடையில் சூடு, மாரியில் குளிர் என்று இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குவதாலேயே இணைபு 0.9க்கு மேல் வந்துவிடும்.

ஒப்பிட எடுக்கும் அளவீடு மாதிரிக்குள் முன்பே ஊட்டப்பட்டதாக இருக்கக்கூடாது. ஆர்கோ தரவை எடுத்து, அதே ஆர்கோவை உள்வாங்கிய தொகுப்போடு ஒப்பிட்டுப் பாராட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. உங்கள் இறங்குதுறை வெப்பமானி யாருடைய மாதிரிக்குள்ளும் போகவில்லை. அதுதான் அதன் பெறுமதி.

கடல்மட்டத்துக்குத் திருகோணமலை, கொழும்பு அளவிகளின் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் வற்றுப்பெருக்கைச் சல்லடையிட்டு நீக்கியபின் ஒப்பிடுங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்ராபஸ்கல் குறைந்தால் கடல் சுமார் 1 சென்ரிமீற்றர் உயரும். உங்கள் தொகுப்பில் அந்த விளைவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அதன் கையேட்டில் பாருங்கள்.

இனி மனிதர்கள். சோழகம் எந்தக் கிழமை தொடங்கியது, கச்சான் காற்று எப்போது அடித்தது, ஓட்டம் எந்தப் பக்கம் வலையை இழுத்தது என்று பல ஆண்டுகளை நினைவில் வைத்திருக்கும் தொழிலாளர்கள் வல்வெட்டித்துறையிலும் நெடுந்தீவிலும் இருக்கிறார்கள். சிலரிடம் பிடிபாட்டுக் கொப்பிகளும் இருக்கின்றன. திகதியோடு எழுதப்பட்ட எந்த வரியும் தரவுதான். மாதிரியில் காற்றும் ஓட்டமும் திரும்பும் நாட்களோடு அவற்றை ஒப்பிடலாம். முதலில் அவர்களுடைய குறிப்பைக் கேட்டு எழுதிவிட்டு, பிறகு உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள். வரைபடத்தை முதலில் காட்டினால் மரியாதைக்காகவே அதை ஒட்டிச் சொல்லிவிடுவார்கள்.

எட்டாம் படி: இரண்டாவது சாட்சி

அதே கேள்வியை வேறொரு மீள்பகுப்பாய்விலும் கேளுங்கள். இரண்டும் ஒரே திசையைச் சொன்னால் நம்பிக்கை கூடும். முரண்பட்டால் அந்த முரண்பாட்டின் அளவையே உங்கள் நிச்சயமின்மையாக எழுதுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டும் அதே காற்றுத் தரவையும் அதே செய்மதி வெப்பநிலையையும் பயன்படுத்தியிருந்தால் அவை முழுக்கத் தனித்தனிச் சாட்சிகள் அல்ல.

ஒன்பதாம் படி: கட்டத்தைச் சிறிதாக்க விரும்புவோருக்கு

கடனீரேரியின் வாயில், தீவுகளுக்கிடையான ஓட்டம், ஆதாம் பாலத்து இடைவெளிகள் போன்றவை வேண்டுமென்றால் உள்ளூர் மாதிரி ஒன்றை நீங்களே ஓட்டவேண்டும். ரோம்ஸ் என்ற திறந்த மூல மாதிரி இதற்குப் பழக்கமானது. எல்லைகளில் குளோரிஸ்12இன் வெப்பநிலை, உப்பு, ஓட்டம், மேலே ஈ.ஆர்.ஏ.5இன் காற்றும் வெப்பமும். உலக வற்றுப்பெருக்கு மாதிரி ஒன்றிலிருந்து பெருக்கின் வீச்சும் நேரமும். இவற்றை ஊட்டி 1 கிலோமீற்றர் கட்டத்தில் ஓட்டலாம்.

பெரிய தடை கடலடி ஆழம். ஜெப்கோ உலக ஆழப்படம் சுமார் 450 மீற்றர் கட்டத்தில் கிடைத்தாலும், ஆழமற்ற இடங்களில் அதற்குக் கீழேயுள்ள அளவுகள் ஐதானவை. 3 மீற்றர் ஆழத்தில் 1 மீற்றர் பிழை என்றால் நீர் போகும் வழியில் மூன்றிலொன்று மாறிவிடுகிறது. வள்ளத்தில் மீன் தேடும் ஒலிமானியும் ஜிபிஎஸ்ஸும் இருந்தால் போகிற வழியெல்லாம் ஆழம் பதியலாம். வற்றுப்பெருக்கு நேரத்தைச் சேர்த்து எழுதினால் அது மாதிரிக்குப் பயன்படும். மாதிரி தொடங்கிய முதற்காலத்து விடைகளைத் தள்ளிவிடுங்கள். ஆழமற்ற கடல் விரைவில் சமநிலைக்கு வந்துவிடும். கிழக்குச் சரிவின் ஆழநீருக்குக் கூடுதல் காலம் கொடுங்கள்.

பத்தாம் படி: 1993க்கு முன்னால் போகும்போது

1964 டிசம்பர் 22, 23இல் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது பாக்குக் குடா எப்படியிருந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஓராஸ்5 அந்த ஆண்டுக்கும் எண் தரும். ஆனால் அன்று கடல்மட்டம் பார்க்கும் செய்மதி இல்லை, ஆர்கோ இல்லை. கப்பல்கள் இறக்கிய போத்தல்களும் வெப்பமானிகளும்தான். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்கள் இந்தப் பகுதியின் அக்காலப் படத்துக்குப் பெரிய ஆதாரம். அவற்றின் அளவீடுகள் உலகக் கடல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 1960களில் பரவத் தொடங்கிய, கப்பலிலிருந்து வீசும் வெப்ப உணரிகள் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. விழுந்த நேரத்தை வைத்துக் கணிக்கின்றன. அந்த வேகக் கணிப்பில் பிழை இருந்ததால் பழைய பதிவுகளுக்குப் பின்னர் திருத்தம் போடவேண்டியிருந்தது. திருத்தப்பட்ட பதிப்பைத்தான் எடுக்கிறீர்களா என்று பாருங்கள்.

இந்தக் காலத்துக்கு நாள்வாரியான விடை தேடாதீர்கள். பருவச் சராசரி, பல ஆண்டுச் சராசரி, பெரிய பரப்பு என்று போனால் சொல்லக்கூடியது ஏதாவது தேறும்.

கடைசியாக, கோப்போடு எழுதிவைக்க வேண்டியவை

தொகுப்பின் பெயர், பதிப்பு, இறக்கிய திகதி, பெட்டியின் நான்கு எல்லைகள், எடுத்த அடுக்குகள், சராசரிக்குப் பயன்படுத்திய ஆண்டுகள் ஆகியவற்றை ஒரு எளிய எழுத்துக் கோப்பில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி, தரவோடு அதே கோப்புறையில் வையுங்கள். நிரலையும் அங்கேயே வையுங்கள். கரையில் அளந்தவற்றுக்கு இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு, உணரியின் ஆழம், பனிக்கட்டிச் சோதனையின் திகதியும் வித்தியாசமும், துப்புரவு செய்த நேரங்கள் வேண்டும். விடுபட்ட நாட்களை வெறுமையாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் விஞ்ஞானத் துறையிலோ தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவிலோ கொடுத்துவையுங்கள். வரைபடத்தின் அடியில் பாக்கு நீரிணைக்குரிய கட்டங்களையும் கிழக்கு ஆழ்கடலுக்குரிய கட்டங்களையும் வேறு வேறு நிறத்தில் காட்டி, எதற்குக் கீழே எந்த அளவீடு இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.